பெயரின் கடைசியில் ஓர் ஆயி

ராசிபுரம், திருச்செங்கோடு, சங்ககிரி, ஆத்தூர் பக்கத்து வாக்காளர் பட்டியல் ஒன்றை எடுத்து, எண்பதைத் தாண்டிய பெண்களின் பெயர்களை மட்டும் வரிசையாக வாசித்தால் ஒரே ஓசை திரும்பத் திரும்பக் காதில் விழும். பாவாயி, மாராயி, பெருமாயி, அங்காயி, செல்லாயி, பாப்பாயி, ராமாயி. அவர்களுடைய மகள்களின் வயதுக்கு இறங்கினால் ராஜேஸ்வரி, சாந்தாமணி, தனலட்சுமி. பேத்திகளிடம் வந்தால் சுகன்யா, பிரியதர்ஷினி. அந்த 'ஆயி' எங்கிருந்து வந்தது, ஏன் இரண்டே தலைமுறையில் இப்படித் துடைத்தெடுத்தாற்போலக் காணாமல் போனது என்று சேலம், நாமக்கல் சமவெளியில் பிறந்த எவருக்கும் ஒருமுறையாவது தோன்றியிருக்கும். அதே பட்டியல் இன்னொரு கேள்வியையும் எழுப்புகிறது. ஆணின் பெயருக்குக் கீழே தந்தை பெயர் இருக்கிறது. கல்யாணமான பெண்ணின் பெயருக்குக் கீழே கணவர் பெயர் இருக்கிறது. பள்ளிச் சான்றிதழில் ஓர் இனிஷியல், ரேஷன் அட்டையில் வேறோர் இனிஷியல் என்று அலையும் பெண்கள் ஊருக்கு ஊர் உண்டு. பெயரின் கடைசியில் நடந்த மாற்றமும் முதலில் நடக்கும் மாற்றமும் வெவ்வேறு சங்கதிகள்போலத் தெரிகின்றன. இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

மாரி என்னும் வேர்

சேலம் கோட்டை மாரியம்மனுக்கு ஆடியில் திருவிழா நடக்கும்போது நகரமே நின்றுபோகும். அந்த அம்மன் பெயரை வைத்துக்கொண்ட பிள்ளைகள் இந்த வட்டாரத்தில் ஏராளம். 'மாரி' என்ற ஒரே வேரிலிருந்து ஆணுக்கு மாரியப்பன், மாரிமுத்து, மாரிசாமி என்று பெயர்கள் கிளைக்கின்றன. பெண்ணுக்கு மாரியம்மாள், மாரியாயி, மாராயி. வேரோடு ஒட்டி வரும் இந்தக் கடைசிப் பகுதியைப் பெயரீறு என்று அழைப்போம். அந்த ஈறுகளைக் கூர்ந்து பார்த்தால் அவற்றில் பெரும்பாலானவை உறவுமுறைச் சொற்களாக இருப்பது புரியும். அப்பன், தாயைக் குறிக்கும் ஆயி, அம்மாள் மட்டுமல்ல. கருப்பண்ணன், பெரியண்ணன் என்று அண்ணன் வருகிறான். சின்னக்காள், பெரியக்காள் என்று அக்காள் வருகிறாள். சின்னத்தம்பி, நல்லதம்பிக்கு எதிரே நல்லதங்காள் நிற்கிறாள். குழந்தை பிறந்து பெயர் வைத்தவுடனே அது யாருக்கோ அப்பனாகவோ ஆயியாகவோ தம்பியாகவோ ஆகிவிடுகிறது.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. மாரியாயி என்ற பெயர் மாரியப்பன் என்ற பெயரிலிருந்து உண்டாக்கப்பட்டதன்று. இரண்டும் மாரியிலிருந்து தனித்தனியே பிறந்தவை. இந்த வேரோ அம்மனுடையது. பெண் தெய்வத்தின் பெயரைத்தான் ஆண் கடன் வாங்கி 'அப்பன்' சேர்த்துக்கொள்கிறான். அங்காளம்மனை வைத்து அங்கப்பன், அங்கமுத்து, அங்காயி, அங்கம்மாள் என்றும், 'செல்ல' என்பதை வைத்துச் செல்லப்பன், செல்லாயி என்றும், 'பொன்' என்பதை வைத்துப் பொன்னப்பன், பொன்னாயி என்றும் இதே கணக்கு ஓடுகிறது. பழனிக்குக் காவடி எடுக்கும் எடப்பாடி வட்டாரத்தில் பழனியப்பனும் உண்டு, பழனியாயியும் உண்டு. வேர் ஒரு மலையூர். பாவாயி மட்டும் ஆண் இணை இல்லாத பெயர். பாவை என்ற சொல்லோடு ஆயி சேர்ந்தது அது. சங்கப் பாடல்கள் பேசும் கொல்லிப்பாவையின் மலை நாமக்கல்லுக்குப் பக்கத்திலேயே நிற்பதால், அந்தப் பெயர் இங்கே இவ்வளவு செழித்ததில் வியப்பில்லை.

பிள்ளைக்குப் பெயர் தேர்ந்தெடுத்த முறையும் இந்தச் சமநிலைக்குத் துணை நின்றது. பேரனுக்குத் தாத்தா பெயர், பேத்திக்குப் பாட்டி பெயர் என்பது பழைய வழக்கம். ஆண் பெயர்க் கிட்டங்கி ஒன்று, பெண் பெயர்க் கிட்டங்கி ஒன்று என்று இரண்டும் தனித்தனியாக நிரம்பியே இருந்ததால், தாத்தாவின் பெயரை வளைத்துப் பேத்திக்குச் சூட்ட வேண்டிய தேவை எழவில்லை.

கடலுக்கு அப்பால்

ஸ்காட்லாந்தின் வடக்கு மலைப்பகுதியிலும் மேற்குத் தீவுகளிலும், கேலிக் மொழி பேசிய ஊர்களில் அந்தத் தேவை எழுந்தது. தாத்தாவின் பெயரைக் காக்க ஆண் வாரிசு இல்லாதபோது பேத்திக்கே அந்தப் பெயரைச் சூட்டினார்கள். மர்டோ என்ற தாத்தாவின் பேத்தி மர்டினா ஆனாள். டொனால்டிலிருந்து டொனால்டினா, ஆங்கஸிலிருந்து ஆங்கஸினா, கென்னத்திலிருந்து கென்னத்தினா. பிரெஞ்சு மொழியில் ஹென்றியிலிருந்து ஹென்ரியெட்டும் அன்ட்வானிலிருந்து அன்ட்வானெட்டும் பிறந்தார்கள். அங்கே பெண் பெயர் ஆண் பெயரின் நிழலில் முளைக்கிறது. பிரெஞ்சின் அந்த 'எட்' ஒரு பொருளைச் சின்னதாக்கிச் சொல்ல அம்மொழியில் பயன்படும் ஈறு. சிறிய வீடு, சிறிய பெண் என்று சொல்லவும் அதுவே வரும். இவ்வகை ஈறுகளைச் சிறுமையீறு எனலாம். சிறுமை என்பது இழிவன்று, சின்னதாகக் காட்டுவது என்ற பொருளில்.

அயர்லாந்தின் கேலிக்கில் 'ஈன்' என்ற சிறுமையீறு உண்டு. மாரியா என்ற பெயரின் அயர்லாந்து வடிவமான மாயராவோடு அது சேர்ந்து மாயரீன் ஆகிறது. ஆங்கிலம் வழியாக உலகெங்கும் போன மொரீன் இதுதான். சிறுமி என்று பொருள்படும் 'கைலீன்' என்ற சொல்லும் அந்த ஈறு பெற்றதே. விசித்திரம் என்னவென்றால், அயர்லாந்து இலக்கணத்தில் கைலீன் ஆண்பால் சொல். ஜெர்மன் மொழியில் சிறுமியைக் குறிக்கும் 'மேட்ஷென்' என்ற சொல் இதே காரணத்தால் அஃறிணை போன்ற பாலில் அடங்கிவிடுகிறது. இந்த இரு சொற்களிலும் சிறுமையீறு ஒட்டியதும் பெண் என்ற அடையாளமே இலக்கணத்தில் அழிந்துபோகிறது.

இவற்றோடு ஒப்பிட்டால் நம் சமவெளியின் வழக்கம் நேர் எதிர்த் திசையில் போகிறது. ஐரோப்பாவின் பல மொழிகள் பெண் பெயரை உண்டாக்க ஆண் பெயரைச் சின்னதாக்கின. இங்கே தொட்டிலில் கிடந்த பெண் குழந்தையை 'ஆயி' என்று பெரியவளாக்கினார்கள். பெண்பால் ஈறு என்றாலே சிறுமை ஈறு என்று ஐரோப்பியப் பெயர்களை மட்டும் பார்த்து ஒருவர் முடிவு கட்டினால், அந்த முடிவைப் பொய்யாக்க ராசிபுரத்து மாராயி ஒருத்தி போதும்.

மூன்று மறுப்புகள்

ஆயி என்பது தேய்ந்துபோன ஈறு, அதில் எவரும் தாயைக் கேட்பதில்லை என்று மொழியியல் படித்தவர் மறுக்கக்கூடும். ஈறுகள் தேய்வது உண்மைதான். ஆனால் எந்தச் சொல் தேய்ந்து ஈறானது என்பது தற்செயலாக அமைவதில்லை. எந்தச் சொல்லைப் பெண்ணோடு சேர்த்துச் சொல்லி வாய் பழகியதோ அதுதான் தேயும். தவிர, இந்த ஈறு முழுதாகத் தேயவும் இல்லை. பாட்டியை ஆயா என்றே அழைக்கும் வீடுகள் இவ்வட்டாரத்தில் இன்றும் இருக்கின்றன. வீட்டுக்குள் தனிச்சொல்லாக உயிரோடு நடமாடும்போது, பெயரின் கடைசியில் மட்டும் அது பொருளற்ற ஓசையாகிவிட்டது என்பதற்கு ஆதாரம் இல்லை.

இரண்டாவது மறுப்பு வலுவானது, வலி தருவதும்கூட. தாய் என்று பெயரிட்ட மண்ணிலேயே பெண் குழந்தைகள் கொல்லப்பட்டன. தமிழக அரசு 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில்தான் முதலில் தொடங்கியது, வேண்டாம் என்று கருதும் பெண் சிசுவைக் கொல்லாமல் அரசிடம் ஒப்படைக்கச் சொல்லி. மூன்றாவது நான்காவது பெண்ணுக்குப் போதும்பொண்ணு என்று பெயர் வைத்த தமிழகம் இது. அப்படியிருக்க ஆயி என்ற ஈற்றை வைத்துப் பெண்ணுக்கு இங்கே மதிப்பு இருந்தது என்று சொல்ல முடியுமா? முடியாது. நானும் அப்படிச் சொல்லவில்லை. பெயர் ஒரு சமூகம் பெண்ணை எப்படி நடத்தியது என்பதற்குச் சாட்சி ஆகாது. பெண்ணை மதிப்பதாகச் சொல்லிக்கொள்ளும்போது எந்த உருவில் மதித்தது என்பதற்கே சாட்சி. இங்கே அந்த உருவம் தாய். மகளாக அவளுக்கு இடம் குறுகலாக இருந்தது. தாயாக ஆனபிறகு இடம் விரிந்தது. பெயர் இதைத்தான் முன்கூட்டியே சொன்னது.

மூன்றாவது மறுப்பு சாதி பற்றியது. இந்த உறவுமுறை ஈறுகள் எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கவில்லை. பண்ணையத்தில் வேலை செய்த தாழ்த்தப்பட்ட மக்களின் பெயர்களில் அப்பனும் அம்மாளும் இருந்தாலும் நிலத்துக்காரர் வீட்டு வாசலில் அவை வெட்டுப்பட்டன. மாரியப்பன் மாரான் ஆனார்; கருப்பாயி கருப்பி ஆனார். வயதில் சிறியவன்கூட அப்படி விளித்தான். செல்லமாகச் சுருக்குவதும் மட்டம் தட்டச் சுருக்குவதும் ஓசையில் ஒன்றுபோலவே இருக்கும். சரஸ்வதி வீட்டில் சரசு ஆவாள், ருக்மணி ருக்கு ஆவாள், விஜயலட்சுமி விஜி ஆவாள். முதல் ஓரிரு அசைகளை நிறுத்தி உகரமோ இகரமோ சேர்ப்பது விதி. கருப்பியும் அதே விதியில் அமைந்ததுதான். விதி ஒன்று, யார் யாரைச் சுருக்குகிறார் என்பதில் வேற்றுமை. அயர்லாந்தின் பிரிஜிட் என்ற பெயரின் செல்ல வடிவமான பிட்டி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க வீடுகளில் வேலைக்குப் போன அயர்லாந்துப் பெண்கள் அத்தனை பேருக்கும் பொதுவான ஏளனப் பெயரானதும் இவ்வாறே. இந்த மறுப்பை நான் முழுதும் ஏற்கிறேன். ஆனால் அது ஈற்றின் மதிப்பை உறுதிப்படுத்தவே செய்கிறது. வெட்டி எறிய ஆதிக்கச் சாதிக்கு அவ்வளவு ஆர்வம் இருந்தது என்றால், அதில் வெட்டத் தக்க மரியாதை இருந்தது என்றுதானே பொருள்?

முன்னால் நிற்கும் எழுத்து

இதுவரை பார்த்தது பெயரின் கடைசி. முதலில் நிற்பது 'யாருடைய' என்ற கேள்விக்கான விடை. அயர்லாந்தின் கேலிக் இதை மிகத் துல்லியமாகச் சொல்கிறது. ஓ பிரீயன் என்பது ஆணின் குடும்பப் பெயர். பிரீயன் வழிவந்தவன் என்று பொருள். அவன் மகள் தன்னை ஓ பிரீயன் என்று எழுத மாட்டாள், நீ வ்ரீயன் என்று எழுதுவாள். 'நீ' என்ற முன்னொட்டில் மகள் என்ற சொல் ஒளிந்திருக்கிறது. அது வந்ததும் பகரம் மெலிந்து வகரமாகிறது. அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள் இ வ்ரீயன். 'மக்' என்று தொடங்கும் குடும்பமானால் மகளுக்கு 'நிக்', மனைவிக்கு 'விக்'. ஆக, ஒரு பெண்ணின் பெயரைக் கேட்டவுடனே அவள் அந்த வீட்டில் பிறந்தவளா, புகுந்தவளா என்று தெரிந்துவிடும். லித்துவேனியாவில் இதை ஈறு செய்கிறது: கஸ்லவுஸ்காஸ் என்பவரின் மனைவி கஸ்லவுஸ்கியேனே, மகள் கஸ்லவுஸ்கைதே. கல்யாண நிலை தெரியாத பொது வடிவம் ஒன்றைப் பெண்கள் கேட்டுப் போராடி 2003-ல் பெற்றார்கள். செக் நாட்டில் பெண்ணின் குடும்பப் பெயரோடு ஒட்டும் 'ஓவா' 2022 முதல் விருப்பத்துக்கு விடப்பட்டது. கண்ணுக்குத் தெரிந்ததால் எதிர்க்க முடிந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

தமிழில் அந்த இடத்தில் நிற்பது ஒரே ஓர் எழுத்து. மகனுக்கும் மகளுக்கும் மனைவிக்கும் அதே எழுத்து. மகளா மனைவியா என்று அது சொல்லாது. அப்பனா கணவனா என்றும் சொல்லாது. 1929-ல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொன்னபின், தமிழ்ப் பெயரில் குடும்பத்தைக் காட்ட மிஞ்சியது இந்த எழுத்து மட்டுமே. சாதி மறைந்தது பெரிய லாபம். வடநாட்டார் பெயரைக் கேட்டவுடனே கிடைக்கும் சாதி விவரம் தமிழரிடம் கிடைப்பதில்லை. ஆனால் அதே எழுத்தின் மறைவில் பெண்ணின் பெயர் மாறுவதும் ஓசைப்படாமல் நடந்தது.

முன்னால் நிற்பவர் கல்யாணத்தோடு மாறித்தான் ஆக வேண்டும் என்பது தமிழர் தொன்று தொட்டுக் கண்ட வழக்கமும் அன்று. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜனின் அக்காள் பராந்தகன் குந்தவையார் என்றே பொறிக்கப்பட்டிருக்கிறார். பராந்தகன் அவருடைய தந்தை. வல்லவரையர் வந்தியதேவரின் தேவி என்பதும் அங்கே இருக்கிறது, ஆனால் அது அடைமொழி. பெயரை ஒட்டி நிற்பது பிறந்த வீடு. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய இந்த முறையைத்தான் மலேசியத் தமிழர் வேறோர் உருவில் காப்பாற்றி வருகிறார்கள். அங்கே தமிழ்ப் பெண்ணின் அடையாள அட்டையில் அவள் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவே 'ஏ/பி' என்று நிற்கும். மலாய் மொழியில் மகள் என்பதன் சுருக்கம். ஆணுக்கு 'ஏ/எல்'. கல்யாணத்துக்குப் பின்னும் அது மாறுவதில்லை. சேலம் மாவட்டத்திலிருந்து தோட்ட வேலைக்குக் கப்பலேறியவர்களின் கொள்ளுப்பேத்திகளுக்கு, அயர்லாந்துக்காரியின் 'நீ' போன்ற ஒன்று அந்த அட்டையில் கிடைத்திருக்கிறது.

ஊரிலேயே இருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதற்குத் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன் குடும்பம் நல்ல சான்று. 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல் அமைச்சராக இருந்த ப. சுப்பராயன் அந்த ஊர்க்காரர். மங்களூரில் பிறந்த அவர் மனைவி ராதாபாய், லண்டனில் 1930-ல் நடந்த வட்டமேசை மாநாட்டுக்குப் போன இரண்டு இந்தியப் பெண்களில் ஒருவர். வரலாறு அவரை ராதாபாய் சுப்பராயன் என்று கணவர் பெயரோடு அறியும். பிள்ளைகளில் ராணுவத் தலைமைத் தளபதியான பி. பி. குமாரமங்கலமும் மத்திய அமைச்சரான மோகன் குமாரமங்கலமும் ஊர்ப் பெயரைக் குடும்பப் பெயராக்கிக்கொண்டார்கள். மகள் பார்வதி என். கே. கிருஷ்ணனை மணந்து பார்வதி கிருஷ்ணன் ஆனார். 1957-ல் கோவையிலிருந்து மக்களவைக்குப் போனதும் அந்தப் பெயரோடுதான். ஒரே வீடு, எல்லோரும் படித்தவர்கள், முற்போக்கானவர்கள். இருந்தும் ஆண்கள் பெயரில் ஊர் நிலைத்தது. பெண்கள் இருவர் பெயரிலும் கணவர் நின்றார். பார்வதியின் பெயரை மட்டும் படிக்கும் ஒருவருக்கு அவர் மோகனுக்கு உடன்பிறந்தவர் என்று ஊகிக்க வழியே இல்லை.

இரண்டும் சேரும் இடம்

இப்போது கடைசியையும் முதலையும் ஒருசேரப் பார்ப்போம். மாராயி என்று ஒருத்தி இருந்த காலத்தில் பெயரின் முன்னால் தந்தையோ கணவனோ நின்றாலும், பின்னால் தாய் என்ற சொல்லாவது இருந்தது. ராஜேஸ்வரியும் சுகன்யாவும் வந்தபோது பின்னால் இருந்த தாய் போய்விட்டாள். முன்னால் இருந்த ஆண் அப்படியே நின்றான். மாரியப்பன்களும் பழனியப்பன்களும் குறைந்ததால் 'அப்பன்' ஈறும்தான் போயிற்று என்று சொல்லலாம். ஆனால் அப்பனுக்கு இனிஷியல் என்ற இன்னோர் இடம் மிச்சம் இருந்தது. தாய்க்கு இல்லை. பெயர்கள் நவீனமானதில் தமிழ்ப் பெயரிலிருந்து முழுதாக வெளியேறியவள் தாய் ஒருத்திதான்.

இது வெறும் எழுத்துப் பிரச்சினை இல்லை. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றபோது உலகம் அவரை மாரியப்பன் தங்கவேலு என்று அறிந்தது. தங்கவேலு தந்தை பெயர். செங்கல் சுமந்தும் காய்கறி விற்றும் பிள்ளைகளைத் தனியாக ஆளாக்கிய தாயின் உழைப்பை நாளிதழ்கள் பக்கம் பக்கமாக எழுதின. பெயரில் அவருக்கு ஓர் எழுத்தும் இல்லை.

சட்டம் இங்கே நம்மைவிட வேகமாக நகர்ந்திருக்கிறது. கடவுச்சீட்டுக்குப் பெற்றோரில் ஒருவர் பெயர் போதும் என்று 2016 டிசம்பரில் விதி மாறியது. தாய் மட்டுமே வளர்க்கும் பிள்ளை வருமான வரி நிரந்தரக் கணக்கு எண்ணுக்குத் தந்தை பெயர் தர வேண்டியதில்லை என்று 2018-ல் வந்தது. தந்தை இறந்தபின் பிள்ளையின் குடும்பப் பெயரை முடிவு செய்யும் உரிமை தாய்க்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் தீர்ப்பளித்தது. மகாராஷ்டிரத்தில் 2024 மே 1 முதல் பிறந்த பிள்ளைகளின் பெயரில், அரசு ஆவணங்களில் தாய் பெயர் தந்தை பெயருக்கு முன்னால் வந்தாக வேண்டும்.

தாயின் எழுத்தையும் சேர்த்தால் பெயர் நீண்டு பதிவேடு குழம்பும் என்பார்கள். இரண்டு இனிஷியல் தமிழருக்குப் புதிதில்லை, உ. வே. சாமிநாதையர் ஊருக்கு ஒன்று, தந்தைக்கு ஒன்று வைத்திருந்தார், எந்தப் பதிவேடும் குழம்பவில்லை. இதைவிடக் கூர்மையான மறுப்பு மேலைநாட்டுப் பெண்களிடமிருந்தே வந்தது. தாயின் குடும்பப் பெயரைப் பிள்ளைக்குக் கொடுத்தால் கொடுப்பது தாயின் தந்தை பெயரைத்தான், ஓர் ஆணுக்குப் பதில் இன்னோர் ஆண், இதில் என்ன மாற்றம் என்றார்கள். ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இது சரியான மறுப்பு, ஏனென்றால் அவர்கள் பெயரில் வழிவழியாக வருவது குடும்பப் பெயர். அயர்லாந்தின் 'நீ' கூட மகளைத் தந்தையின் வழியில்தான் நிறுத்துகிறது. ஐஸ்லாந்தில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. தந்தையின் சொந்தப் பெயரோடு மகன், மகள் என்று சேர்ப்பார்கள், விரும்பினால் தாயின் சொந்தப் பெயரோடும் சேர்க்கலாம். கால்பந்து வீரர் ஹெய்டார் ஹெல்குசன் ஹெல்காவின் மகன் என்றே பெயர் கொண்டவர்.

தமிழரின் இனிஷியலும் ஐஸ்லாந்து வகைதான். அது குடும்பப் பெயரின் முதலெழுத்து இல்லை, ஒரு தனி ஆளுக்குச் சூட்டிய பெயரின் முதலெழுத்து. ராஜேஸ்வரியின் மகள் சுகன்யா 'ரா' என்று எழுதினால் அந்த எழுத்துக்குப் பின்னால் தாத்தாவும் இல்லை, குலமும் இல்லை, ஜமீனும் இல்லை. ராஜேஸ்வரி மட்டுமே இருக்கிறாள். அரசு ஆவணங்களிலும் பள்ளிகளிலும் இனிஷியலைத் தமிழிலேயே எழுத வேண்டும் என்று தமிழக அரசு 2021 டிசம்பரில் ஆணையிட்டது. ஆங்கிலத்தில் ராஜேஸ்வரிக்கும் ருக்மணிக்கும் ரேவதிக்கும் ஒரே எழுத்து. தமிழில் ரா, ரு, ரே என்று மூன்று தாய்மாரும் தனித்தனியே தெரிவார்கள்.